ஜப்பான் பேயும் எங்கள் வீட்டுப் பூவாடையும்

பேய் செய்து தரச் சொல்லி ஒருவர் ஆர்டர் கொடுப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் எத்தனையோ வருடமாகப் பொம்மை வார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளையார் செய்திருக்கிறேன், யானை செய்திருக்கிறேன், குடை பிடித்த வெள்ளைக்காரச் சீமாட்டி, வெண்ணெய் தின்னும் கிருஷ்ணன், ஒரு காது உடைந்தால்கூட விற்றுப்போகிற முயல், எல்லாம் செய்திருக்கிறேன். பேய் மட்டும் செய்ததில்லை. அதிலும் இரண்டு ரகப் பேய்.

ஆர்டர் கொடுத்தவர் மங்கலம்பேட்டை பாய். பாய் என்றதும் தாடி நரைத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம், என்னைவிட ரொம்பச் சின்னவர். வளைகுடாவில் ஒரு பேய் வீட்டில் வேலை பார்த்தவர். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் இருட்டில் ஆள் நின்று கத்துவானே, அந்த மாதிரி இடம். ஊருக்குத் திரும்பியவர் பாண்டிச்சேரியில் சொந்தமாக ஒன்று ஆரம்பிக்கப் போகிறாராம். உள்ளே போய் அலறிவிட்டு வெளியே வருகிறவர்கள் ஞாபகத்துக்கு ஆளுக்கொரு பொம்மை வாங்கிப் போவார்களாம்.

"பாதி இங்கிலீஷ் பேயிண்ணே, பாதி ஜப்பான் பேயி. ரெண்டு ரூம்பு போடறேன். அதுக்கு ஏத்த மாதிரி வேணும்."

"பேயில என்னா பாய் இங்கிலீஷு, ஜப்பானு? செத்தா எல்லாம் ஒண்ணுதானே?"

"அய்யோ, இல்லண்ணே. அங்க நானே பாத்திருக்கேன். இங்கிலீஷ் பேயி ரூம்புல இருந்து வெளிய வர்றவன் சிரிச்சிக்கிட்டே வருவான். ஜப்பான் ரூம்புல இருந்து வர்றவன் பேசவே மாட்டான். நேரா போயி ஓரமா உக்காந்துருவான்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வந்த ஆர்டரை விடுவானேன் என்று மண்டையை ஆட்டி வைத்தேன்.

எங்கள் வேலை எப்படி என்றால், பிளாஸ்டர் அச்சுக்குள் மண் கரைசலை ஊற்ற வேண்டும். ஓரம் கெட்டியானதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, கூடாக நிற்கிற பொம்மையை எடுத்துக் காயவைத்துச் சுட வேண்டும். இதில் அச்சு செய்வதுதான் பெரும் பாடு. அதனால் ஒரே அச்சில் இரண்டு பேயையும் முடித்துவிடலாம் என்று பார்த்தேன். கோரைப்பல், நகம், பிதுங்கின கண். ஒன்றுக்குச் சிவப்பும் பச்சையும் அடித்தேன், அது இங்கிலீஷ். இன்னொன்றுக்கு வெள்ளை உடுப்பு, கறுப்பு முடி, அது ஜப்பான். வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

பாய் வந்தார். இங்கிலீஷ் பேயைக் கையில் எடுத்து, "சூப்பருண்ணே" என்றார். ஜப்பான் பேயை எடுத்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"புது வூடு கட்டறப்ப கண்ணு படக்கூடாதுன்னு முன்னாடி ஒரு பொம்ம கட்டுவாங்களே, அதுக்கு வெள்ளை அடிச்ச மாதிரி இருக்குதுண்ணே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அப்ப எப்பிடித்தான் இருக்கணும்? அதையாவது சொல்லுங்க."

"அது சும்மா நிக்கும்ணே."

"சும்மான்னா?"

"சும்மாதான். பல்லு கெடையாது, நகம் கெடையாது. முடி தொங்கும். கை இப்பிடித் தொங்கும்." இரண்டு மணிக்கட்டையும் மடக்கிக் காட்டினார். "கீழ காலு இருக்காது. அவ்ளோதான். வூட்ல உக்காந்து நாலு படம் பாருங்க, புரிஞ்சிரும்."

கால் இல்லாத பேய் எனக்குத் தெரியாததா? தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, வெள்ளைப் புடவையில், கால் தரையில் படாமல் வரும் என்று எங்கள் தெருவில் கேட்காத பிள்ளை உண்டா? இதை ஜப்பான்காரனுக்கு யார் போய்ச் சொன்னது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் நானும் என் மகளும் மட்டும்தான். செராமிக் படித்துவிட்டு யூனிட்டிலேயே என்னோடு வேலை பார்க்கிறாள். சேத்தியாத்தோப்பில் மாப்பிள்ளை பார்த்து, வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்த சமயம் அது. என் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை முற்றி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஆற்றோரம் இருந்த அந்த வாடகை வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவள் துணி காயப்போட்ட கொடி கண்ணில் படக்கூடாது என்று பின்வாசல் கதவைச் சாத்தியே வைத்திருப்பேன். பேட்டைக்குப் பக்கத்தில் வேறு வீடு பார்த்துக் குடிவந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, டிவியில் மகள் படம் போடுவாள். முதலில் இங்கிலீஷ்.

ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிவரும். மரவீடு, பக்கத்தில் ஏரி, வாடகையும் குறைச்சல். நம்ம ஊர்த் தரகராக இருந்தால் அட்வான்ஸ் வாங்கும்போதே காதைக் கடித்திருப்பார். அங்கே யாரும் சொல்வதில்லை. நாய் குரைக்கும், கதவு தானாகத் திறக்கும், கீல் கிறீச்சிடும், போகப் போகக் கட்டிலே எழும்பிப் பறக்கும். கடைசியில் ஒருத்தர் புத்தகமும் தண்ணீருமாக வந்து, நீ யார், உன் பெயர் என்ன, எதற்கு வந்தாய் என்று அதட்டுவார். வேப்பிலையை வைத்துக்கொண்டு நம்ம பூசாரி செய்கிற அதே வேலைதான், கோட்டு போட்டுச் செய்கிறார். பொழுது விடிந்ததும் பேய் போய்விடும்.

எனக்கு இது பிடித்திருந்தது. சூளையில் கோளாறு என்றால் நானும் இதைத்தான் செய்வேன். எங்கே பழுது என்று பார், பிடுங்கி எறி, வேலையை ஆரம்பி. அந்தப் பேய்க்கு அந்த வீட்டுக்காரர்கள் மேல் கோபம். வீட்டுக்காரர்களுக்குப் பேய் மேல் கோபம். சண்டை. யாரோ ஒருவர் ஜெயிக்க வேண்டும். இதில் என்ன குழப்பம்?

அடுத்த ஞாயிறு ஜப்பான். ஒருத்தன் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான். மாடிப்படியில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அவன் பேசாமல் தாண்டிப் போய் அரிசி கழுவுகிறான். கழுவுகிறான், கழுவுகிறான், அப்படிக் கழுவுகிறான். மறுநாள் அவள் ஒரு படி மேலே நிற்கிறாள். இவன் திரும்பவும் அரிசி கழுவுகிறான்.

"எதுக்கு வந்திருக்கா இவ?" என்றேன்.

"தெரியலப்பா."

"யாரு கொன்னா இவள?"

"யாரும் கொல்லல போலருக்குது."

"அப்ப என்னாதான் வேணுமாம்?"

"அதான் தெரியல."

"படம் எடுத்தவனுக்காவது தெரியுமாடி?"

மகள் சிரிக்கவில்லை. வழக்கமாக என் பேச்சுக்கு உடனே சிரிக்கிறவள். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். கடைசியில் அந்த ஆள் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வந்து சாப்பிட உட்காருகிறான். படம் முடிந்துவிட்டது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. பூசாரியும் இல்லை, சண்டையும் இல்லை, அவள் உள்ளே வந்தாளா இல்லையா என்றுகூடக் காட்டவில்லை.

"அவ யாரையும் பயமுறுத்தலப்பா. போற வழி தெரியல, நிக்கிறா" என்றாள் மகள்.

"வழி தெரியலன்னா யாரையாச்சும் கேக்க வேண்டியதுதானே?"

"எப்பிடிக் கேப்பா?"

எழுந்து கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். மூன்று மணி வெயில். குழாயை மூடும்போது என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன். வாளியும் கொடியில் ஒரு துண்டும்தான் இருந்தன. ஆனாலும் கை கழுவினது பாதி, கழுவாதது பாதி என்று உள்ளே வந்துவிட்டேன். கட்டில் பறந்தபோது வராத பயம், ஒருத்தி சும்மா நின்றதற்கு வந்தது. ஏன் என்று கேட்டால் இப்போதும் என்னால் சொல்ல முடியாது. இங்கிலீஷ் பேய் டிவியை அணைத்ததும் போய்விட்டது. இது போகவில்லை.

அதற்குப் பிறகும் பல ஞாயிறு பார்த்தோம். பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. இங்கிலீஷ் படத்தில் பேய் தட்டி முட்டிச் சத்தம் போட்டுக்கொண்டுதான் வருகிறது. ஜப்பான் படத்தில் அது முதலிலேயே அங்கேதான் இருக்கிறது, நாம்தான் தாமதமாகப் பார்க்கிறோம். இங்கிலீஷ் பேய்க்கு நம்மைப் பிடிக்காது. ஜப்பான் பேய் நம்மைக் கண்டுகொள்வதே இல்லை, அதற்கு வேறு ஏதோ கவலை. தண்ணீர், தலைமுடி, படிக்கட்டு, சோற்றுப்பானை என்று நாம் தினமும் தொடுகிற சாமானில்தான் அது வருகிறது. சரி, நம்ம தமிழ்ப் பேய் இதில் எந்தக் கட்சி? நம்ம சினிமாப் பேய்க்கு ஒரு பழைய கதை உண்டு, பழி வாங்க நாலு ஆள் உண்டு, நடுவில் ஒரு பாட்டும் உண்டு. அதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

ஜப்பான் பேயை மகளே களிமண்ணில் பிடித்துக் காட்டினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது, யாரோ கூப்பிட்டது சரியாகக் கேட்காத மாதிரி. கீழே கால் இல்லை, உடுப்பு ஒடுங்கி முடிந்துவிட்டது. பொம்மைக்காரனுக்கு அங்கேதான் தொல்லை. எந்தப் பொம்மைக்கும் அடிக்கால் என்று ஒன்று வேண்டும். பளபளப்புக்காகக் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்ததும் அந்த அடிக்காலை மட்டும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் சூட்டில் கிளேஸ் உருகி, பொம்மை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்தத் துடைக்கிற வேலை என் மனைவியுடையது. நாள் முழுக்க ஈரக் கையோடு உட்கார்ந்து ஒவ்வொரு பொம்மையாகக் காலைத் துடைப்பாள். துடைத்ததும் அதை மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒற்றிப் பார்ப்பாள். வழவழப்பு மிச்சமிருந்தால் விரலைவிட அங்கேதான் தெரியும் என்பாள். "பொம்மைக்குப் பாதபூஜை பண்றா பாரு, எனக்கு ஒரு நாளாச்சும் பண்ணியிருக்கியா?" என்று நான் கிண்டல் செய்வேன். "உனக்குப் பண்ணணும்னா சுண்ணாம்புக் கல்லு வச்சித் தேய்க்கணும்" என்பாள். அவள் போன பிறகு மகள்தான் துடைக்கிறாள். இவள் விரலால்தான் தடவிப் பார்ப்பாள், வேகமாக முடித்துவிடுவாள்.

"காலு இல்லாததை எங்கேர்ந்து தொடைக்கிறது?" என்றேன்.

"காலு இல்லன்னா என்னப்பா, ஓரம் இருக்குதில்ல?" என்று உடுப்பின் விளிம்பைக் காட்டினாள். அவள் சொன்னபடியே சுட்டோம். ஒன்றுகூட ஒட்டவில்லை. பாய் வந்து பார்த்தார், இந்தத் தடவை சிரிக்கவில்லை. வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"பயமா இல்லண்ணே" என்றார். "ஆனா இத என் வூட்ல வச்சிக்க மாட்டேன்."

இது பாராட்டா, குறையா என்று கேட்டேன். தெரியலண்ணே என்றுவிட்டு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது என் மனைவியின் தங்கை வந்தாள். மங்களூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது, திட்டக்குடி பக்கத்து மங்களூர். வந்ததும் வராததுமாக, "மாமா, பூவாடை அழைக்க ஆளு சொல்லிட்டீங்களா?" என்றாள்.

தாலியோடு இறந்துபோன பெண்ணை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்போம். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போய், ஒரு குடத்தில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி, பம்பை மேளம் அடித்து அவளைக் கூப்பிட வேண்டும். அந்தக் குடத்தைச் சுமக்கிறவர் மேல் அவள் வருவாள். வந்துட்டியா என்று கேட்டால் வந்துட்டேன் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு அழைத்து வந்து புதுப்புடவை, வளையல், அவளுக்குப் பிடித்த பலகாரம் எல்லாம் வைத்துப் படைப்போம். அதற்குப் பிறகுதான் தாலி.

மச்சினி இதைச் சொன்னபோது மகள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. வாரா வாரம் உட்கார வைத்துத் தலைவிரித்த பெண்களையும் தண்ணீரையும் காட்டி, பிள்ளை மனதில் பயத்தை ஏற்றிவிட்டோமே, இப்போது பெற்ற தாயையே தண்ணீரில் இருந்து கூப்பிடப் போகிறோம் என்றால் நடுங்கத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

யோசித்துப் பார்த்தால் எனக்கும்தான் குழப்பம். பூசாரியைக் கூப்பிட்டுப் பேய் ஓட்டுகிறவர்களும் நாம்தான், பம்பைக்காரரைக் கூப்பிட்டுச் செத்தவளை அழைக்கிறவர்களும் நாம்தான். ஒரு கையால் விரட்டி இன்னொரு கையால் வா என்கிறோம். இதில் எதைப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைப்பது?

மச்சினியைக் கூப்பிட்டு, "பூவாடை எல்லாம் வேணாம். படத்த வச்சிப் படைச்சிடலாம், போதும்" என்றேன்.

அவளுக்கு வந்ததே கோபம். "என்னா மாமா பேசறீங்க? ஊருக்கெல்லாம் பத்திரிகை வைப்பீங்க, எங்க அக்காவுக்கு மட்டும் வைக்க மாட்டீங்களா?"

"பொண்ணு பயப்படுதும்மா. பாத்தியா எப்பிடிக் கெடக்குதுன்னு? உசுரோட இருக்கறவளப் பாப்பனா, போனவளப் பாப்பனா?"

"பெத்தவளுக்கு எந்தப் பொண்ணு மாமா பயப்படும்?"

"நீ அந்த ஜப்பான் படம் பாத்திருக்கியா? பாத்துட்டு வந்து பேசு."

எங்கள் சத்தத்தைக் கேட்டு மகள் உள்ளே வந்தாள். சித்தியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா வந்துடும்னு நான் பயப்படலப்பா. வரலன்னா என்னா பண்றதுன்னுதான்."

மச்சினி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா இந்த வூட்ட பாத்ததே இல்லியே. அது போனப்ப நாம ஆத்தோரத்துல இருந்தோம். இப்ப அங்க வேற யாரோ இருக்காங்க. செத்ததும் ஊர்ல இல்ல, பாண்டிச்சேரில. அங்கேர்ந்து இங்க எப்பிடி வரும்? ஆளு தெரியாத வூட்டு வாசல்ல போயி நின்னுக்கிட்டு இருக்குமோ என்னவோ. குடம் எடுத்து, பம்பை அடிச்சி, எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கும்போது, வரலன்னா? அதுக்கப்புறம் அம்மா எங்கியுமே இல்லன்னு ஆயிடுமில்லப்பா?"

சொல்லி முடிக்கும்போது விம்மிவிட்டாள். மச்சினி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் மடையன் மாதிரி நின்றேன். இங்கிலீஷ் படத்தில் புது வீட்டுக்குக் குடிபோனால் அங்கே பேய் இருக்கிறது, அதனால் அழுகிறார்கள். நாங்கள் குடிவந்த வீட்டில் அவள் இல்லை. மூன்று வருடமாக என் பிள்ளைக்கு அதுதான் பயமாக இருந்திருக்கிறது. படிக்கட்டில் நின்றவளைப் பார்த்து அவள் ஏன் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பூவாடை அழைக்க மணிமுத்தாற்றுக்குப் போனோம். வைகாசி, ஆற்றில் மருந்துக்குக்கூடத் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்று பறித்து, ஊறி வந்த தண்ணீரை மச்சினி செம்பால் மொண்டு குடத்தில் ஊற்றினாள். பூச்சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். பம்பைக்காரர் அடித்துப் பாட ஆரம்பித்தார். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். மகள் என் பக்கத்தில், என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்குத் தாலி கட்டிக்கொள்ளப் போகிற பெண்.

வழக்கமாக மச்சினிக்குப் பம்பைச் சத்தம் கேட்டாலே உடம்பு ஆடும். அன்று ஆடவில்லை. பம்பைக்காரர் ஒரு பாட்டை முடித்து அடுத்ததை எடுத்தார். அதையும் முடித்தார். மச்சினி குடத்தோடு சும்மா நின்றாள். வெயில் ஏறியது. யாரோ யாரிடமோ முணுமுணுத்தார்கள். பம்பைக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மகள் என் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"மாமா, நீங்க கூப்புடுங்க" என்றாள் மச்சினி. குரல் அவளுடைய குரல்தான். அவளும் பயந்திருந்தாள்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது? பாட்டும் மந்திரமும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளோடு போனில் கத்துவதுதான். உயிரோடு இருந்தவரை அதைத்தான் செய்தேன். சட்டென்று கோபம் வந்துவிட்டது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

"எங்கடி நிக்கிற?" என்றேன். ஆறே திரும்பிப் பார்க்கிற சத்தம். "இங்க உன் பொண்ணு நடுங்கிக்கிட்டு நிக்குது. நாளைக்குக் கல்யாணம். பழைய வூட்டுக்குப் போயி நிக்காத, அங்க வேற ஆளுங்க இருக்காங்க. நாங்க பேட்டைகிட்ட வந்துட்டோம். நல்லா கேட்டுக்க. பாலம் ஏறி வா. பஸ் ஸ்டாண்டுக்குள்ள பூராத, கூட்டமா இருக்கும். ஜங்ஷன் பக்கம் திரும்பு. ரயில்வே கேட்டு போட்டிருந்தா நின்னு வா, அவசரப்பட்டுக் குனிஞ்சி வராத. தாண்டுனா ஒரு சிமெண்டு கடை, அதுக்கு எதுத்த சந்து. மூணாவது வூடு, பச்சக் கேட்டு. கேட்டு இழுத்தா கிறீச்சுன்னு சத்தம் போடும். அதுக்குப் பயந்துக்காத. எண்ண போடணும் போடணும்னு நான்தான் இன்னும் போடல."

பின்னால் ஒருவர் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார். "உன்னால முடியலன்னா மெதுவா வா. ஆனா வந்துடு" என்றேன்.

மச்சினி இன்னொரு கையையும் தூக்கிக் குடத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "கனக்குது மாமா" என்றாள். ஆட்டமில்லை, அருள்வாக்கில்லை, வந்துட்டேன் என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் வந்ததால் கனத்ததா, அவ்வளவு நேரம் தலையில் வைத்திருந்ததால் கனத்ததா? எனக்குத் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வேன் தயாராக இருந்தது. வேண்டாம் என்றேன். சொன்ன வழியிலேயே நடந்து போகணும், இல்லையென்றால் அவள் எப்படிக் கூட வருவாள் என்று கேட்டேன். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் நினைத்திருப்பார்கள். நடந்தோம். பாலம் ஏறினோம், பஸ் ஸ்டாண்டுக்கு வெளியிலேயே போனோம். ரயில்வே கேட்டு போட்டிருந்தது. இரண்டு பக்கமும் பைக்குகள் குனிந்து புகுந்துகொண்டிருந்தன. பம்பைக்காரர்கூடக் குனியப் போனார். மச்சினி குடத்தோடு அப்படியே நின்றாள், ரயில் போகிறவரை.

சந்துக்குள் திரும்பியதும் மகள் முன்னால் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தாள். அது வழக்கம்போலக் கத்தியது. உள்ளே கூடத்தில் வாழையிலையில் நெல் பரப்பி வைத்திருந்தோம், குடத்தை வைக்க. சித்தியின் தலையில் இருந்து குடத்தை மகள் இரண்டு கையாலும் வாங்கினாள். கொஞ்சம் தண்ணீர் தளும்பி அடியெல்லாம் மணலும் ஈரமுமாக இருந்தது. இடுப்பில் குடத்தை இடுக்கிக்கொண்டு, முந்தானையால் அதன் அடியைச் சுற்றித் துடைத்தாள். அது அவள் தினமும் செய்கிற வேலை, கை தானாகச் செய்கிறது, எனக்குத் தெரியும். துடைத்துவிட்டு, கீழே வைப்பதற்கு முன்னால், மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கத்தைக் குடத்தின் அடியில் ஒற்றிப் பார்த்தாள்.

அவள் விரலால் பார்க்கிறவள். இதை நான் சொல்லிக்கொடுத்ததில்லை. சின்ன வயதில் அம்மா செய்வதைப் பார்த்திருப்பாள், அது எங்கோ தங்கியிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். இங்கிலீஷ் படமாக இருந்தால் கடைசியில் யாராவது வந்து இது இன்னதென்று சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொல்ல யாருமில்லை.

குடத்தை நெல்லின் மேல் வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். வீடு நிறைய ஆட்கள், வேறு யாரையும் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்தாள்.

"அம்மா வந்துச்சாப்பா?"

"வந்துட்டாம்மா" என்றேன். "இப்பதான் உள்ள வந்தா."